நிலக்கரி உலையில் எண்ணெய்க்கு என்ன வேலை?

மேட்டூர் அனல் மின் நிலையத்துக்குள் எண்ணெய் டேங்கர்கள் போவதைப் பார்த்த மேச்சேரி வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "அங்கே எரிப்பது நிலக்கரிதானே? அப்புறம் எதற்கு ஃபர்னஸ் ஆயில்?" அருமையான கேள்வி.

முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1973 வாக்கில் உலக மின்சாரத்தில் ஏறக்குறைய கால் பங்கு எண்ணெயில் இருந்து வந்தது. அந்த ஆண்டு அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதிக்குத் தடை போட்ட பின் சில மாதங்களிலேயே கச்சா எண்ணெய் விலை நான்கு மடங்கானது. நாடுகள் நிலக்கரி, எரிவாயு, அணு என்று மாறிக்கொண்டன. இன்று எண்ணெயின் பங்கு 3 சதவீதம்கூடத் தேறாது. நம் பக்கத்திலும் ஓர் உதாரணம் உண்டு. சேலம்–ஜோலார்பேட்டை ரயில் பாதையில் இருக்கும் சாமல்பட்டியில், எண்ணெயில் ஓடும் 105 மெகாவாட் நிலையம் 2001-இல் வந்தது. இப்படிப்பட்ட இன்ஜின்களுக்கு ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ 200 கிராம் எண்ணெய் வேண்டும். எண்ணெய் விலை ஏற ஏற அந்த மின்சாரம் யாருக்கும் கட்டுபடியாகவில்லை.

மேட்டூர் நிலையத்தின் மொத்தத் திறன் 1,440 மெகாவாட். நிலக்கரி அங்கே முகப்பவுடர் போல அரைக்கப்பட்டு, காற்றோடு சேர்த்து உலைக்குள் ஊதப்படுகிறது. துகள்களில் சுமார் 70 சதவீதம் 75 மைக்ரானுக்கும் சிறியவை. அவ்வளவு பொடியாக இருந்தும், குளிர்ந்த உலைக்குள் அது தானாகப் பற்றாது. வேகமாகப் பாயும் துகளை நொடியில் ஒரு சிறு பங்குக்குள் பல நூறு டிகிரிக்குச் சூடேற்ற வேண்டும். சுற்றிலும் இருப்பதோ வெப்பத்தை உறிஞ்சும் தண்ணீர்க் குழாய்ச் சுவர்கள். போதாக்குறைக்கு நம் நாட்டு நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சாம்பல்தான்.

அதனால் முதலில் எண்ணெய்ச் சுடர். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. ஃபர்னஸ் ஆயில் கறுப்பாக, கெட்டியாக இருக்கும். அதை 100 டிகிரிக்கு மேல் சூடாக்கி இளக்கி, நீராவியோடு சேர்த்து 'ஆயில் கன்' எனப்படும் குழலின் நுனியிலிருந்து பீய்ச்சுவார்கள். திரவமாக இருக்கும்வரை எண்ணெய் எரியாது, அதன் ஆவிதான் எரியும். ஆவியாவதோ மேற்பரப்பில் மட்டும். 2 மில்லிமீட்டர் துளி ஒன்றை 0.1 மில்லிமீட்டர் துளிகளாக உடைத்தால் 8,000 துளிகள் கிடைக்கும். எண்ணெய் அதேதான், மேற்பரப்பு மட்டும் 20 மடங்கு. ஒரு மின்பொறி பட்டதும் குப்பென்று பிடித்துக்கொள்கிறது.

அந்தச் சுடர் நிலக்கரித் துகளைச் சுடும்போது உள்ளிருக்கும் வாயுக்கள் வெளியேறிப் பற்றுகின்றன, பிறகு மிஞ்சிய கரி எரிகிறது. உலையின் நான்கு மூலைகளிலிருந்தும் சற்றே சாய்வாக ஊதும்போது நடுவே சுழலும் ஒரு நெருப்புக் கோளம் உருவாகும். அது போதுமான அளவு வளர்ந்ததும், அதன் கதிர்வீச்சே புதிதாக வரும் துகள்களைப் பற்ற வைக்கிறது. இனி எண்ணெய் தேவையில்லை, நிறுத்திவிடலாம். இவ்வளவுக்கும் சேர்த்து மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் அனுமதிக்கும் எண்ணெய், யூனிட்டுக்கு அரை மில்லிலிட்டர்!

சுடர் அணைந்தால் மட்டும் ஆபத்து. எரியாத பொடி உலையில் சேர்ந்து, திடீரென்று பற்றினால் வெடிக்கும். அதனால் சுடரைக் கண்காணிக்கும் கருவிகள் சில நொடிகளிலேயே எரிபொருளை வெட்டிவிடும். அப்புறம் ஐந்து நிமிடமாவது வெறும் காற்றால் உலையைக் கழுவிய பிறகுதான் மறுபடி பற்ற வைக்க முடியும்.

சரி, எண்ணெயின் கதை முடிந்ததா? இல்லை. பகலில் சூரிய மின்சாரம் பெருகும்போது அனல் நிலையங்கள் உற்பத்தியைக் குறைக்க வேண்டியிருக்கிறது. முழுத் திறனில் 55 சதவீதம் வரை, பிறகு படிப்படியாக 40 சதவீதம் வரை இறங்கத் தயாராக வேண்டும் என்று மத்திய மின்சார ஆணையம் 2023-இல் விதி கொண்டுவந்தது. அவ்வளவு இறங்கினால் நெருப்புக் கோளம் சிறுத்துவிடும், சுவர்களோ வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், சுடர் தள்ளாடும். தாங்கிப் பிடிக்க மறுபடி ஆயில் கன் வேண்டும். சூரியனுக்கு இடம் விடுவதற்காக எண்ணெய் எரிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

எண்ணெய்க்குப் பதிலாக மின்வில்லால் (இடைவெளியைத் தாண்டிப் பாயும் மின்சாரத்தால்) உண்டாக்கும் பிளாஸ்மாவை, அதாவது மிகச் சூடான மின்னேற்ற வாயுவைக் கொண்டே நிலக்கரியைப் பற்ற வைக்கலாம். சீனாவில் பல நிலையங்கள் அப்படித்தான் செய்கின்றன. சாம்பல் மிகுந்த நம் நிலக்கரிக்கு ஏற்றபடி அதை வடிவமைப்பது தனி ஆராய்ச்சி. பெரிய நகரங்களின் பெரிய நிறுவனங்களுக்கு மட்டும் நிதி போகாமல், சேலம் வட்டாரப் பொறியியல் கல்லூரிகளுக்கும் கொஞ்சம் வந்தால் அதை இங்கேயே செய்யலாம். சோதித்துப் பார்க்க உலை பக்கத்திலேயே இருக்கிறது.