மண் தொட்டி அடுக்கும் முன் சுவரைக் கவனியுங்கள்

பெங்களூரு பால்கனிகளில் மூன்றடுக்கு மண் தொட்டி இப்போது நிறையவே கண்ணில் படுகிறது. அடியில் பெரிய தொட்டி, அதன் மண்ணில் கொஞ்சம் புதைந்தபடி நடுத்தரம், உச்சியில் சின்னது. மூன்றையும் நகரின் குயவர் பகுதியான பாட்டரி டவுனில் வாங்கிவிடலாம். ஓட்டைகள் வழியாக ஓர் இரும்புக் கம்பியைச் செருகி, மண்ணை அடுக்கடுக்காக அழுத்தி நிரப்பினால் சாயாமல் நிற்கும். கொஞ்ச நாளில் உச்சிச் செடி காய்ந்து, அடிச் செடி அழுகி, பூசிய பெயிண்ட்டும் உரிந்தால் பழி உரத்தின் மேலோ செடி விற்றவர் மேலோ விழுகிறது. பார்க்க வேண்டியது தொட்டியின் சுவரை.

சூளையில் வெப்பம் 500, 600 டிகிரி செல்சியஸை எட்டும்போது, களிமண்ணின் தாதுக்களுக்குள் கட்டுண்டிருந்த நீர் வெளியேறிவிடுகிறது. அதற்கப்புறம் எத்தனை நாள் ஊறப்போட்டாலும் அது சேறாகாது. சூடு மேலும் ஏற ஏறத் துகள்கள் விளிம்போடு விளிம்பு ஒட்டிக்கொள்கின்றன. பீங்கானை இன்னும் அதிகச் சூட்டில் சுடுவதால் துகள்கள் ஓரளவு உருகி இடைவெளிகளை அடைத்துவிடும். பூந்தொட்டிக்கு அவ்வளவு சூடு வைப்பதில்லை. அதனால் நுண்துளைகள் அப்படியே, ஒன்றோடொன்று தொடர்போடு நிற்கின்றன.

புதுத் தொட்டியை ஒரு வாளித் தண்ணீரில் அமிழ்த்திப் பாருங்கள். உஸ்ஸென்ற மெல்லிய சத்தத்தோடு சுவர் முழுக்கப் பொடிப்பொடியாகக் குமிழிகள் கிளம்பும். தண்ணீர் துளைகளுக்குள் நுழைய, உள்ளிருந்த காற்று வெளியே வருகிறது. குமிழி அடங்கிய பிறகு நடுவதுதான் நல்லது. இல்லாவிட்டால் செடிக்கு ஊற்றும் முதல் தண்ணீரில் ஒரு பங்கைச் சுவர் குடித்துவிடும்.

மண்ணின் ஈரம் அதே துளைகள் வழியாக வெளிப்பக்கம் வந்து ஆவியாகிறது. ஒரு கிராம் நீர் ஆவியாகச் சுமார் 580 கலோரி வெப்பம் வேண்டும். அதில் பெரும்பகுதியைச் சுவரிடமிருந்தே எடுத்துக்கொள்வதால் வேர்ப்பகுதி குளிர்கிறது. பானைத் தண்ணீர் ஜில்லென்று இருப்பதும் இப்படித்தான். மார்ச், ஏப்ரலில் பெங்களூரின் காற்று உலர்ந்திருப்பதால் இது வேகமாக நடக்கும். ஜூனில் மழை தொடங்கிக் காற்றில் ஈரம் ஏறினால் மந்தமாகிவிடும். வருடம் முழுக்க ஒரே அளவு தண்ணீர் ஊற்றுவது அதனால்தான் சரிவராது.

அடுக்கு விஷயத்தில் கணக்கு இன்னும் சுவாரசியம். தொட்டியின் அகலமும் உயரமும் பாதியானால் சுவர்ப் பரப்பு நாலில் ஒரு பங்காகும். உள்ளே பிடிக்கும் மண்ணோ எட்டில் ஒரு பங்காகிவிடும். அதாவது, ஒவ்வொரு கைப்பிடி மண்ணுக்கும் இரண்டு மடங்கு சுவர். உச்சித் தொட்டி முதலில் காய்வது அதனால்தான். அதில் மிஞ்சும் நீரும் ஓட்டை வழியாகக் கீழே இறங்கிவிடும். எனவே உச்சியில் வறட்சி தாங்கும் டேபிள் ரோஸ் வையுங்கள், அடியில் ஈரம் விரும்பும் புதினாவோ வல்லாரையோ வையுங்கள். அழகுக்காக இதை மாற்றி வைத்தால் இரண்டுமே கஷ்டப்படும்.

தண்ணீர் வடிய அடியில் ஜல்லி போடும் பழக்கம் பயன் தராது. நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய இடைவெளிக்கு நீர் எளிதில் இறங்காது. மேலுள்ள மண் நன்றாக ஊறித் தளும்பிய பிறகுதான் சொட்டும். ஜல்லி போட்டால் அந்தச் சொதசொதப்பான அடுக்கு வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்துவிடுகிறது. மண் ஒழுகாமல் இருக்க ஓட்டை மேல் ஓர் ஓட்டுச் சில்லு போதும்.

அலங்காரத்துக்கு எனாமல் பெயிண்ட் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அது துளைகளை அடைத்துவிடும். வெளியேற வழியில்லாத ஈரம் பெயிண்ட்டைக் கொப்புளமாகத் தள்ளி உரிக்கும். காவியும் சுண்ணாம்பும் பூசினால் துளைகள் பெரும்பாலும் திறந்தே இருக்கும். காவிக்கு நிறம் தருவதும் தொட்டிக்குச் செந்நிறம் தருவதும் ஒரே இரும்பு ஆக்சைடு என்பதால் இரண்டும் அழகாகப் பொருந்தும்.

போர்வெல் தண்ணீர் ஊற்றுகிற வீடுகளில் சுவரில் வெள்ளையாக ஒரு படிவு வரும். நீர் ஆவியாகும்போது அதிலிருந்த உப்புகள் தங்கிவிடுவதால் வருவது அது. பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். பஞ்சில் வினிகர் தொட்டுத் தேய்த்தால் நுரைத்துக் கரையும். மண்ணில் வினிகர் சொட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்பில் கோலம் போட்ட இடத்தில் இது வேண்டாம். காய்ந்து இறுகிய சுண்ணாம்பும் அதே கால்சியம் கார்பனேட் என்பதால் கோலமும் சேர்ந்தே போய்விடும்.