ஹைட்ரஜன் வண்டிக்கு அமோனியா: திட்டம் என்ன சொல்கிறது, எண்ணூர் மக்களுக்கு என்ன உரிமை உண்டு?

அமோனியாவிலிருந்து ஹைட்ரஜன் பிரித்து வண்டி ஓட்டலாம் என்ற பேச்சு வரும்போதெல்லாம் வடசென்னையின் எண்ணூர்க்காரர்களுக்கு 2023 டிசம்பர் 26 இரவுதான் நினைவுக்கு வருகிறது. கடலடிக் குழாயிலிருந்து கசிந்த அமோனியாவால் பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் கண் எரிச்சலோடும் மூச்சுத்திணறலோடும் வீட்டைவிட்டு வெளியேறினார்கள். அந்த அச்சத்தை ஒதுக்கிவிட்டு ஹைட்ரஜன் வண்டித் திட்டத்தை விளக்குவது முறையாகாது.

மத்திய அமைச்சரவை 2023 ஜனவரி 4 அன்று தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு ஒப்புதல் அளித்தது. ஒதுக்கீடு 19,744 கோடி ரூபாய். 2030-க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் பசுமை ஹைட்ரஜன், அதாவது சூரிய ஒளி, காற்று போன்ற புதுப்பிக்கத்தக்க ஆற்றலால் உருவாக்கும் ஹைட்ரஜன், தயாரிப்பது இலக்கு. இதன்கீழ் 2025 மார்ச்சில் ஹைட்ரஜனில் ஓடும் 37 பேருந்துகளும் லாரிகளும் 9 எரிபொருள் நிலையங்களும் கொண்ட ஐந்து சோதனைத் திட்டங்கள் அறிவிக்கப்பட்டன. அவற்றின் வழித்தடங்களில் தமிழ்நாட்டுச் சாலை எதுவும் இல்லை. ஆனால் பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஹைட்ரஜனால் இயங்கும் ரயில் பெட்டி 2025 ஜூலையில் சோதித்துப் பார்க்கப்பட்டதால், இந்தத் தொழில்நுட்பம் வடசென்னைக்குப் புதிதல்ல.

இதில் அமோனியா எங்கே வருகிறது? ஹைட்ரஜனைத் திரவமாக்க மைனஸ் 253 டிகிரி வரை குளிர்விக்க வேண்டும். அமோனியாவோ மைனஸ் 33 டிகிரியிலேயே திரவமாகிவிடும், சாதாரண வெப்பநிலையில் சமையல் எரிவாயுவைப் போல மிதமான அழுத்தத்திலும் திரவமாகவே நிற்கும். அதன் எடையில் ஏறத்தாழ 17.6 சதவீதம் ஹைட்ரஜன்; ஒரு லிட்டர் திரவ ஹைட்ரஜனில் இருப்பதைவிட ஒரு லிட்டர் திரவ அமோனியாவில் ஹைட்ரஜன் அதிகம். உர ஆலைகளுக்காக இதைக் கப்பலிலும் குழாயிலும் கையாண்ட அனுபவமும் பல பத்தாண்டுகளாக இருக்கிறது. சிக்கல் பிரிக்கும் இடத்தில்தான். வினையூக்கியின் உதவியோடு பல நூறு டிகிரி சூட்டில் அதைச் சிதைக்க வேண்டும். சிதைத்த பிறகும் வாயுவில் ஒரு கோடியில் ஒரு பங்குக்கு மேல் அமோனியா தங்கிவிட்டால், ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம் எடுக்க வண்டிகளில் பொருத்தும் வகை எரிபொருள் மின்கலம் கெடத் தொடங்கும். ஓடும் பேருந்துக்குள் இத்தனையையும் செய்வது எளிதல்ல. அமெரிக்க எரிசக்தித் துறை 2006-லேயே இந்தக் கோணத்தை ஆராய்ந்து, வண்டிக்குள் வைத்துப் பிரிக்கும் வழி உகந்ததல்ல என்ற முடிவுக்கு வந்தது.

நம் நாட்டு விதியும் அதையொட்டியே இருக்கிறது. 2020 செப்டம்பரில் அறிவிக்கப்பட்ட ஏ.ஐ.எஸ். 157 என்ற வாகனப் பாதுகாப்புத் தரம், அழுத்தப்பட்ட ஹைட்ரஜன் வாயுவில் ஓடும் எரிபொருள் மின்கல வண்டிகளுக்கானது. அமோனியாத் தொட்டி வைத்த வண்டி அதில் அடங்காது. ஆகவே அமோனியா பயன்பட்டாலும் அது ஆலையிலோ நிலையத்திலோ பிரிக்கப்படும். வண்டியில் ஹைட்ரஜன் மட்டுமே ஏறும். பேருந்தில் பயணம் செய்பவரைவிடத் தொட்டிக்கும் குழாய்க்கும் பக்கத்தில் குடியிருப்பவருக்கே இதில் அக்கறை அதிகம் என்று நான் சொல்வது இதனால்தான்.

பசுமை ஹைட்ரஜனிலிருந்து அமோனியா தயாரிக்கும் பசுமை அமோனியா ஆலைகளுக்கு முன்கூட்டியே சுற்றுச்சூழல் அனுமதி பெறுவதிலிருந்து 2023-இல் மத்திய அரசு விலக்கு அளித்துவிட்டது. அந்த அனுமதிக்காக நடக்கும் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் கேள்வி கேட்கும் வாய்ப்பு அந்த ஆலைகளில் கிடைக்காது என்பதால், மிஞ்சியிருக்கும் உரிமைகளைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். அபாயகரமான ரசாயனங்களுக்கான 1989-ஆம் ஆண்டு விதிகளின்படி, தனிக் கிடங்கில் 60 டன் அல்லது அதற்கு மேல் அமோனியா சேமிப்பவர், ஆபத்தின் தன்மையையும் விபத்து நேரத்தில் செய்ய வேண்டியதையும் செய்யக்கூடாததையும் அக்கம்பக்கத்தாருக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். ஆலைக்கு வெளியே நடக்க வேண்டிய மீட்புக்கான திட்டம் மாவட்ட நிர்வாகத்தின் பொறுப்பு. ஆண்டுக்கு ஒருமுறையாவது ஒத்திகை நடத்த வேண்டும். உங்கள் தெருவில் ஒத்திகை நடந்த நினைவே இல்லை என்றால், ராஜாஜி சாலை சிங்காரவேலர் மாளிகையில் உள்ள சென்னை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் மனு எழுதிக் கேட்கலாம்.

கசிவால் பாதிக்கப்பட்டால், பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம் 1991-இன்கீழ் ஆட்சியரிடம் ஐந்து ஆண்டுகளுக்குள் நிவாரணம் கோரலாம். யாருடைய அலட்சியம் என்று நீங்கள் நிரூபிக்கத் தேவையில்லை. ஆனால் பாதிப்புக்குச் சான்று வேண்டும். மருத்துவமனைச் சீட்டில் வெறும் “மூச்சுத்திணறல்” என்று எழுதிக் கொடுத்தால், அமோனியாவைச் சுவாசித்ததையும் நேரத்தையும் சேர்த்து எழுதித் தரும்படி அங்கேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.