வளையத் தெரிந்த நாடா

ஜாக்கெட்டின் வட்டக் கழுத்துக்கு நேர்த்துணியில் பட்டி வைத்துத் தைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பட்டி சுருங்கித் தூக்கிக்கொண்டு நிற்கும். அதனால்தான் தையற்காரர்கள் பைப்பிங்குக்குக் கிராஸ் துணி, அதாவது மூலைவாட்டில் துணி, வெட்டுகிறார்கள். ருமேனிய லேஸ் போடுகிறவர்கள் இதே சிக்கலுக்கு வேறு வழி வைத்திருக்கிறார்கள். வளைகிற நாடாவை அவர்களே குரோஷா ஊசியால் பின்னிக்கொள்கிறார்கள்.

இந்த லேஸை ருமேனியாவில் மக்ரமே என்று சொல்வதுண்டு. முடிச்சுப் போட்டுத் தொங்கவிடும் மக்ரமேக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பெயர்க் குழப்பம், அவ்வளவுதான்.

நெய்த நாடா ஏன் வளைய மறுக்கிறது? 5 மி.மீ. அகல நாடாவை முழு வட்டமாகத் திருப்பினால், அதன் வெளி ஓரம் உள் ஓரத்தைவிடச் சுமார் 31 மி.மீ. கூடுதலாக இருந்தாக வேண்டும். வட்டம் பெரிதானாலும் சிறிதானாலும் அந்த வித்தியாசம் மாறாது. நாடாவின் நீளவாக்கில் ஓடும் பாவு நூலோ சட்டென்று நீண்டு கொடுக்காது. ஆகவே மற்ற ஐரோப்பிய நாடா லேஸ்களில் உள் ஓரத்து நூலை இழுத்துச் சுருக்குவார்கள். குரோஷாப் பின்னலில் நீளவாக்கில் நேராக ஓடும் நூலே இல்லை, எல்லாம் கண்ணிகள். வெளிப்பக்கத்துக் கண்ணிகள் விரியும், உள்பக்கத்தவை ஒடுங்கும். இலை, திராட்சைக் கொடி, சுருள் என்று எப்படி வளைத்தாலும் நாடா படுத்தே கிடக்கும்.

பின்னுவது எளிது. இரண்டு சங்கிலிக் கண்ணி போட்டு முதல் கண்ணியில் ஒரு தையல். உடனே வேலையைத் திருப்பினால் பக்கவாட்டில் இரண்டு இழைகள் தெரியும். அவற்றுக்குள் ஊசியை விட்டு அடுத்த தையல், மறுபடி திருப்பு. திருப்புவது எப்போதும் ஒரே திசையில் இருக்க வேண்டும். நான் பேச்சு சுவாரசியத்தில் இடையில் மாற்றித் திருப்பிவிட்டேன்; ஓரம் கோணிக்கொண்டு, ஒரு சாண் அளவு பிரிக்க வேண்டியதாயிற்று.

அப்புறம் கோலத்தைத் துணியில் வரைந்து, கோட்டின்மேல் நாடாவை வைத்து ஓட்டுத்தையல் போடுவார்கள். நாடாக்கள் தொடும் இடங்களைச் சேர்த்துத் தைத்துவிட்டு, நடுவிலுள்ள வெற்றிடங்களைத் தையல் ஊசி நூலால் நிரப்புவார்கள். நாடாவின் இரு ஓரத்திலும் வரிசையாக நிற்கும் கண்ணிகள்தான் ஊசிக்குப் பிடிமானம். நிரப்பும் தையல்களில் பல நமக்குத் தெரிந்த காஜாத் தையலின் உறவுக்காரர்கள். ஊசி மொட்டையாக இருப்பது நல்லது, அடியில் உள்ள துணியைக் குத்தாது.

கைத்திறன் தெரிவது இழுவிசையில். வேலை நடக்கும்வரை நூலின் இழுப்பை அடித்துணி தாங்குகிறது. அதைப் பிரித்ததும் அந்தச் சுமை முழுக்க நாடாவின்மேல் இறங்கும். ஊசி நூலை ரொம்ப இறுக்கியிருந்தால் லேஸ் பொரித்த அப்பளம்போல் குழிந்துகொள்ளும். தளர்த்தியிருந்தால் தொய்யும். துணியில் இருக்கும்போது இரண்டும் ஒரே மாதிரி அழகாகத்தான் தெரியும். துணியின் பின்பக்கத்தில் ஓட்டுத்தையலை ஒவ்வொன்றாகக் கத்தரித்து லேஸைத் தூக்கி எடுக்கும்போதுதான் நிஜம் தெரியும். என்னுடைய முதல் இலை, சொல்ல வெட்கமாக இருக்கிறது, அப்பளம்தான்.