பூனை முடியில ஒளிஞ்சிருக்கற படர்தாமரை

புதுசா ஒரு பூனைக்குட்டி வீட்டுக்கு வந்து ஒண்ணு ரெண்டு வாரத்துல முன்னங்கைலயோ கழுத்துலயோ வட்டமா செவந்து அரிக்க ஆரம்பிச்சா, அது படர்தாமரையா இருக்கலாம், அதைக் கொண்டு வர்ற மைக்ரோஸ்போரம் கேனிஸ்ங்கற பூஞ்சையை சந்தேகப்படலாம். இதோட சாப்பாடு கெரட்டின், அதாவது முடியிலயும் நகத்துலயும் தோலோட மேல இருக்கற செத்த அடுக்குலயும் உள்ள புரதம். அதைக் கரைக்கற என்சைமை விட்டு உறிஞ்சிக்கும், உயிருள்ள தோலுக்குள்ள பொதுவா இறங்காது. அப்புறம் ஏன் செவக்குதுன்னா, அது விடற சமாச்சாரமெல்லாம் கீழ கசிஞ்சு நம்ம எதிர்ப்பு சக்தி கிளம்பி வர்றதுதான். ஒரு புள்ளியில ஆரம்பிச்சு எல்லாப் பக்கமும் பரவிட்டே போகும், பின்னாடியே நடுவுல தோல் ஆறிட்டு வரும், அதனால ஓரம் மட்டும் செவந்து செதில் செதிலா நிக்கும். டாக்டர் டெஸ்டுக்கு சுரண்டி எடுக்கறதும் அந்த ஓரத்துலதான்.

பூனைகிட்ட இது முடியைச் சுத்தி வெளிப்பக்கமா ஸ்போர்களை, அதாவது பூஞ்சையோட விதை மாதிரியான துகள்களை, அப்பி வெச்சிருக்கும். குட்டிகளுக்கு காது, மூஞ்சி, முன்னங்கால்ல முடி கொட்டி திட்டு தெரியும், ஆனா பெர்ஷியன் மாதிரி நீள முடிப் பூனைங்க சிலது வெளிய ஒண்ணுமே காட்டாம சுமந்துட்டு திரியும். உடைஞ்சு விழற முடி சோபாவுல, போர்வையில, சீப்புல கிடக்கும், அதுல ஸ்போர் மாசக்கணக்குல தாங்கும்.

வெட்னரி டாக்டர் ரூமை இருட்டாக்கி வுட்ஸ் லேம்ப்னு ஒரு புற ஊதா விளக்கை அடிப்பாரு. இந்தப் பூஞ்சை புடிச்ச முடி ஆப்பிள் பச்சையில மின்னும். மருந்து, தூசிகூட மின்னும்தான், ஆனா முடித்தண்டே மின்னுதான்னு பாக்கணும். மின்னலைன்னா பூஞ்சை இல்லன்னும் சொல்லிட முடியாது, அதுக்குத்தான் புது டூத் பிரஷ்ஷால உடம்பு பூரா வாரி கல்ச்சர் தட்டுல அழுத்தி வளர விடறாங்க, ரிசல்ட்டுக்கு ரெண்டு மூணு வாரம் ஆகும்.

நம்ம ஊர்ல பெரிய தலைவலி மெடிக்கல் ஷாப் க்ரீம். அரிக்குதுன்னு கேட்டா ஸ்டீராய்ட் கலந்த டியூபை நீட்டிடறாங்க. அது எதிர்ப்பு சக்தியைத்தான் அடக்கும், சிவப்பு போய் அரிப்பு நின்னு அப்பாடான்னு இருக்கும், உள்ள பூஞ்சை ஜாலியா பரவும், வட்டமும் கலைஞ்சு போய் டாக்டருக்கே அடையாளம் தெரியாது. இன்னொண்ணு, இந்தியாவுல இப்ப பாக்கற படர்தாமரையில பெரும்பாலானது டிரைக்கோஃபைட்டான்ங்கற வேற பூஞ்சை வகை, மனுஷங்ககிட்ட இருந்தே ஒட்டறது, சும்மா பூனை மேல பழி போடாதீங்க.

உடம்புல சின்னதா வந்தா குளோட்ரிமசோலோ டெர்பினாஃபினோ க்ரீம் போதும், வட்டத்தைத் தாண்டியும் கொஞ்சம் தடவணும், மறைஞ்ச உடனே நிறுத்தக்கூடாது. பசங்களுக்கு தலையில வந்தா க்ரீம் முடி வேர் வரைக்கும் போகாது, டாக்டர் தர்ற மாத்திரைதான். பூனைக்கு இட்ராகொனசோல்ங்கற பூஞ்சை மருந்து, கூடவே வாரம் ரெண்டு தடவை லைம் சல்ஃபர் (சுண்ணாம்பு, கந்தகக் கரைசல்) குளியல், அழுகின முட்டை நாத்தம்னா அப்படி ஒரு நாத்தம். வீட்டை முதல்ல முடி இல்லாம வேக்யூம் பண்ணி சோப்பு போட்டுத் துடைச்சிட்டு அப்புறம்தான் கிருமிநாசினி, ஏன்னா அழுக்குக்கு மேல ஊத்தினா அது சரியா வேலை செய்யாது.