தலைகீழா திருப்பினா மூக்கு ஏன் இறங்குது?

வாசகர் ஒருத்தர் கேட்டிருந்தார்: "புதுசா கட்டின ஆர்சி (ரிமோட்ல பறக்கவிடுற) ஏரோபேட்டிக் (சாகச) மாடல் நேரா பறக்கும்போது அருமையா போகுது, ஸ்டிக்ல இருந்து கையை எடுத்தாலும் அப்படியே போகுது. ஆனா தலைகீழா உருட்டின உடனே மூக்கு தரையைப் பார்த்து இறங்குது, எலிவேட்டரை முன்னாடி தள்ளிப் பிடிச்சுக்கிட்டே இருக்க வேண்டியிருக்கு. இறக்கைக்கு மேலயும் கீழயும் ஒரே வளைவுதானே சார், அப்புறம் எப்படி?"

ரொம்ப நியாயமான சந்தேகம். (எலிவேட்டர்ங்கறது மூக்கை ஏத்தி இறக்குறதுக்காக வால்ல இருக்குற அசையும் பலகை.) ஏரோபேட்டிக் மாடல்ல இறக்கை சமச்சீர் வடிவம், காத்தை நேரா சந்திச்சா லிஃப்ட், அதாவது தூக்கு விசை, சுத்தமா பூஜ்யம், கொஞ்சம் கோணம் கொடுத்தா எந்தப் பக்கம் கொடுக்குறோமோ அந்தப் பக்கம் அதே அளவு லிஃப்ட். இறக்கை, வால், மோட்டார் மூணும் கிட்டத்தட்ட ஒரே கோட்டுக்கு இணையா உக்காந்திருக்கும். இப்படி ஒரு விமானத்துக்கு மேல் எது கீழ் எதுன்னு தெரியவே கூடாது. ஆனா தெரியுது. வடிவத்துல வித்தியாசம் இல்லைன்னா அது எடையிலதான் இருக்கணும், அதாவது எடை எந்த இடத்துல உக்காந்திருக்குங்கறதுல.

கட்டுற கதையை வேகமா சொல்லிடுறேன், ஏன்னா பால்சா கட்டையை வெட்டி ஒட்டி, கார்பன் குழாய்ல இறக்கையை மாட்டி, அயர்ன் பண்ணி ஃபிலிம் இழுக்குறது எல்லாம் இந்தப் பக்கம் வந்தவங்களுக்குத் தெரிஞ்சதுதான். கவனிக்க வேண்டியது நேர்த்தி. ரெண்டு இறக்கையும் ஒரே கோணத்துல இருக்கணும், அரை டிகிரி வித்தியாசம்கூட காத்துல காட்டிக்கொடுத்துடும். எலிவேட்டர் ரெண்டு பாதியும் சேர்ந்து ஒரே அளவு அசையணும், இல்லைன்னா லூப் போடும்போது விமானம் மெதுவா உருள ஆரம்பிச்சுடும். கீல் இடைவெளியை டேப் போட்டு அடைச்சுடுங்க, காத்து அதுவழியா ஒழுகினா அந்தப் பரப்போட வலு குறையும். சர்வோ (பரப்புகளை அசைக்கிற குட்டி மோட்டார்) கம்பியில ஆட்டம் இருக்கவே கூடாது. இதுல ஏதாவது கோணலா இருந்தா, அதுக்கு மேல என்ன டிரிம் பண்ணினாலும் (கையை எடுத்தாலும் நேரா போற மாதிரி பரப்புகளை லேசா நகர்த்தி வச்சாலும்) ஒரு தப்பை இன்னொரு தப்பால மறைக்கிறதுதான்.

இப்ப நான் ஆசையா சொல்ல வந்த விஷயத்துக்கு வர்றேன்.

பறந்துகிட்டு இருக்கும்போது ஒரு காத்து அடிச்சு மூக்கு லேசா தூக்குதுன்னு வச்சுக்கோங்க. கோணம் கூடினதால இறக்கையிலயும் லிஃப்ட் கூடும், வால்லயும் கூடும். புதுசா கூடின அந்த லிஃப்ட் மொத்தத்தையும் ஒரே புள்ளியில வச்சுப் பார்த்தா அந்தப் புள்ளிக்குத்தான் நியூட்ரல் பாயிண்ட்னு பேர். விமானம் சுத்துறது எடை மையத்தைச் சுத்தி, அதாவது சிஜியைச் சுத்தி. சிஜி முன்னாடி, நியூட்ரல் பாயிண்ட் பின்னாடின்னா, கூடின லிஃப்ட் சிஜிக்குப் பின்னால இருந்து தூக்கும், மூக்கு தானா இறங்கி பழைய கோணத்துக்கே வந்துடும். இதைத்தான் நிலைத்தன்மைங்கறோம். ரெண்டுக்கும் நடுவுல தூரம் கூடக் கூட பிடிவாதமும் கூடும்.

அந்தப் பிடிவாதத்துக்கு ஒரு விலை இருக்கு. லெவலா பறக்கணும்னா எடையைத் தாங்குற அளவு லிஃப்ட் வேணும், அதுக்கு மூக்கு எப்பவுமே கொஞ்சம் தூக்கியே இருக்கணும், ஆனா நம்ம விமானம் பூஜ்யக் கோணத்துக்குத் திரும்பத்தான் துடிச்சுக்கிட்டு இருக்கு, அதனால அதை அங்கேயே பிடிச்சு வைக்க எலிவேட்டரை லேசா மேல தூக்கி டிரிம் பண்ணி விடுறோம். கையை எடுத்தாலும் நேரா போகுதுன்னு சந்தோஷப்படுறோமே, அது அந்த டிரிம் செய்யிற வேலை. இப்ப தலைகீழா உருட்டுங்க. தரையில விழாம இருக்க மூக்கை இப்ப எதிர்ப்பக்கம், அதாவது வயித்துப் பக்கமா தூக்கணும். எலிவேட்டர்ல இருக்குற பழைய டிரிம் என்ன செய்யும்? அது கேனபி (விமானி உக்கார்ற இடத்து மூடி, அதாவது முதுகு) பக்கமே இழுக்கும், கேனபி இப்ப தரையைப் பார்த்துக்கிட்டு இருக்கு. ஆக முதல்ல அந்த டிரிம்மை ஈடுகட்ட ஒரு பங்கு, அப்புறம் எதிர்ப்பக்கம் பிடிச்சு வைக்க அதே அளவு இன்னொரு பங்குன்னு, நேரா பறக்க டிரிம்ல வச்சதைப் போல ரெண்டு மடங்கு ஸ்டிக்கைத் தள்ள வேண்டியிருக்கு. கேள்வி கேட்டவர் விரல்ல தெரிஞ்ச பாரம் இதுதான், அவரோட மாடல் மூக்கு கனம், அதாவது சிஜி ரொம்ப முன்னாடி இருக்கு.

இதே விஷயத்தை இன்னொரு பக்கம் இருந்தும் பார்க்கலாம். த்ராட்டிலை (மோட்டார் வேகத்தை) குறைச்சு செங்குத்தா கீழ டைவ் விடுங்க. நேர்கோட்டுல இறங்கணும்னா அப்ப லிஃப்ட்டே தேவையில்லை, ஆனா லெவலுக்காக வச்ச அந்த டிரிம் இன்னும் அங்கேயே இருக்கு, வேகம் கூடக் கூட அதோட இழுப்பும் கூடும், மாடல் மெல்ல கேனபி பக்கமா வளைஞ்சு எழும். மூக்கு கனம் தலைகீழா போகும்போதும் தெரியும், டைவ்லயும் தெரியும், காரணம் ஒண்ணே ஒண்ணுதான். எத்தனை தடவை யோசிச்சாலும் எனக்கு இது அலுக்கிறதே இல்லை.

சோதிச்சுப் பார்க்க 45 டிகிரி ஏற்றம்தான் நல்ல வழி. நல்ல வேகத்தோட 45 டிகிரியில ஏறுங்க, தலைகீழா உருட்டுங்க, எலிவேட்டரை விட்டுடுங்க. பாதை சட்டுனு தரைப் பக்கமா வளைஞ்சா மூக்கு கனம். தானா வயித்துப் பக்கம் மேல ஏறினா வால் கனம். கொஞ்ச தூரம் நேரா போய் அப்புறம் ரொம்ப மெதுவா சரிஞ்சா அதுதான் நமக்கு வேண்டியது, ஏன்னா புவியீர்ப்பு எப்படியும் ஒரு பக்கம் இழுத்துக்கிட்டேதான் இருக்கும். காத்து இல்லாத நேரமா பார்த்து செய்யணும், ஒரு தடவை பார்த்துட்டு முடிவு பண்ணக்கூடாது.

மாத்துறது எவ்வளவு சின்ன அளவுன்னு பாருங்க. உலகப் போட்டிகள்ல பறக்குற எஃப்3ஏ வகை மாடலுக்கு நீளமும் சரி, இறக்கை விரிப்பும் சரி, 2 மீட்டரைத் தாண்டக்கூடாது. அந்த சைஸ்ல ஒரு 5 கிலோ மாடல், அதுல 1.2 கிலோ பேட்டரின்னு வைங்க. பேட்டரியை 2 செ.மீ. பின்னாடி தள்ளினா சிஜி நகர்றது 4.8 மி.மீ. இறக்கையோட சராசரி அகலம் 45 செ.மீ. இருந்தா அது ஏறக்குறைய 1 சதவீதம், அவ்வளவுதான். ஆனா அந்த 1 சதவீதம் விரல்ல தெளிவா தெரியும். பொதுவா இறக்கையோட முன் விளிம்புல இருந்து அகலத்துல 25 முதல் 30 சதவீதத்துக்குள்ள ஒரு இடத்துல ஆரம்பிச்சு கொஞ்சம் கொஞ்சமா பின்னாடி போகணும். பிளான்ல போட்டிருக்குற எண் ஆரம்பிக்கிறதுக்கு மட்டும்தான்.

அப்படின்னா சிஜியை நியூட்ரல் பாயிண்ட் மேலயே கொண்டுபோய் வச்சுடலாமேன்னு தோணும். அங்க போனா விமானம் எந்தக் கோணத்துக்கும் திரும்ப ஆசைப்படாது, விட்ட இடத்துலயே நிக்கும், மூச்சு விட்டாலே மூக்கு ஆடுற மாதிரி ஆயிடும், ஸ்பின்ல (சுழன்றுகிட்டே விழுற நிலையில) போட்டா வெளிய வர்றதும் தாமதமாகும். அதையும் தாண்டிப் பின்னாடி போனா மனுஷக் கை போதாது. 1974-ல முதல்ல பறந்த எஃப்-16 போர் விமானத்தை வேணும்னேதான் நிலைத்தன்மையைக் குறைச்சு வடிவமைச்சாங்க, ஆனா அதுல விமானியோட கைக்கும் வாலுக்கும் நடுவுல கம்ப்யூட்டர் ஓயாம திருத்திக்கிட்டே இருக்கு. நம்ம மாடல்லயும் இப்ப ஜைரோ (ஆட்டத்தை உணர்ந்து தானா திருத்துற கருவி) வந்துடுச்சு. காத்துக்கு அது நல்ல துணை, மறுக்கல. ஆனா சிஜியை சரி பண்றதுக்கு முன்னாடியே ஜைரோவைப் போடுறது தப்புன்னுதான் நான் சொல்லுவேன், விமானம் சொல்ல வர்றதை அது கேக்கவிடாது.

இன்னொண்ணும் சொல்லணும். ரெண்டு தடவை விழுந்துட்டா "இந்த மாடலுக்கு ராசி இல்லை"ன்னு பரண்ல போட்டுடுறாங்க. எனக்கு இது உண்மையிலேயே வருத்தமா இருக்கு. விழுந்ததுக்கு ஒரு காரணம் இருக்கும், அது மில்லிமீட்டர்ல அளக்கக்கூடிய காரணமாத்தான் பெரும்பாலும் இருக்கும். ராசின்னு சொல்லிட்டா தேடுறது அங்கேயே நின்னுடுது.

தேடுறவங்களால என்ன ஆகும்னு இந்தத் துறையிலயே உதாரணம் இருக்கு. பெரிய பயணிகள் விமானத்தோட ரேனால்ட்ஸ் எண் (சைஸையும் வேகத்தையும் வச்சு காத்து எப்படி நடந்துக்கும்னு காட்டுற எண்) கோடிக்கணக்குல போகும், நம்ம மாடல்களுக்கு சில லட்சம்தான், அதுக்குக் கீழயும் உண்டு. அந்த மெதுவான உலகத்துல காத்து நடந்துக்கிற விதமே வேற. அமெரிக்காவுல மைக்கேல் செலிக் குழு 1980-கள்ல பிரின்ஸ்டன்லயும் அப்புறம் இல்லினாய் பல்கலைக்கழகத்துலயும் மாடல் இறக்கை வடிவங்களை காத்துச் சுரங்கத்துல வச்சு அளந்தாங்க, இல்லினாய் வேலைக்கு மாடல் பறக்கவிடுறவங்களே கைக்காசு நன்கொடை கொடுத்தாங்க. அந்த அளவீடுகளை இன்னைக்கு ட்ரோன் வடிவமைக்கிறவங்களும் எடுத்துப் பார்க்குறாங்க. உடனே பயன் தெரியாத ஆராய்ச்சிக்கு எதுக்குப் பணம்னு கேக்குறவங்க இதை ஒரு நிமிஷம் யோசிக்கணும். பொழுதுபோக்குன்னு ஒதுக்காம அரசாங்கங்களே இதுக்குக் காசு ஒதுக்கியிருக்கணும்.

சிஜி முடிஞ்சதும் மிச்சத்துக்கு வரிசை இருக்கு. முழு த்ராட்டில்ல செங்குத்தா ஏறும்போது மூக்கு இடது பக்கம் போனா, புரொப்பெல்லர் கிளப்பிவிடுற சுழல் காத்து வால் துடுப்போட இடது பக்கத்துல அடிக்குதுன்னு அர்த்தம், மோட்டாருக்கு அடியில வாஷர் வச்சு ஓரிரு டிகிரி வலது பக்கம் திருப்பினா சரியாகும். நைஃப் எட்ஜ்ல (ஒரு இறக்கை மேல, ஒண்ணு கீழன்னு பக்கவாட்டுல சாய்ஞ்சு பறக்கும்போது) ரட்டர் (வால் துடுப்போட அசையும் பாகம்) கொடுக்கும்போது மாடல் வயித்துப் பக்கம் போகுதா கேனபி பக்கம் போகுதான்னு பார்த்து டிரான்ஸ்மிட்டர்ல மிக்ஸ் (ஒண்ணை அசைச்சா இன்னொரு பரப்பும் தானா சேர்ந்து அசையற அமைப்பு) போடுறது கடைசி, ஏன்னா சிஜி நகர்ந்தா அந்த எண்ணும் மாறிடும். முதல்லயே மிக்ஸ் போட்டவங்க பேட்டரியை நகர்த்தின ஒவ்வொரு தடவையும் அதை அழிச்சு அழிச்சுப் போட வேண்டியிருக்கும். சிஜி ஒரு இடத்துல நின்னதும் பேட்டரி உக்கார்ற இடத்துல ஒரு கோடு போட்டு வச்சுக்கோங்க, வேற எடையில பேட்டரி வாங்கினா அந்தக் கோட்டை நம்பாம 45 டிகிரி சோதனையை மறுபடி செஞ்சு பாருங்க.