மிதமா, தீவிரமா?

கடலூர் தேவனாம்பட்டினம் பக்கம் ஓர் அங்கன்வாடிக்குப் பேத்தியை விடப் போனேன். அன்று எடை போடும் நாள் என்பதால் அங்கேயே நின்றுவிட்டேன். டீச்சர் ஒன்றரை வயதுப் பையன் ஒருவனின் இடது மேற்கையில் மூன்று நிற நாடாவைச் சுற்றினார். அளவு மஞ்சளில் நின்றது. கையிலிருந்த துண்டறிக்கையைப் பார்த்து, "மிதமான தீவிர ஊட்டச்சத்துக் குறைபாடும்மா" என்றார். பையனின் அம்மா முழித்தாள். "மிதமா, தீவிரமா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க டீச்சர்."

நியாயமான கேள்வி. இந்தத் தொடரைக் கையேடுகளிலும் சுவரொட்டிகளிலும் பார்த்துப் பார்த்துப் பல்லைக் கடித்தவன் நான். இதற்கு அண்ணன் ஒருவன் வேறு உண்டு: 'கடுமையான தீவிர ஊட்டச்சத்துக் குறைபாடு'. முன்னது இளஞ்சூடான கொதிநீர் என்றால், பின்னது சூடான கொதிநீர்.

இது 'மாடரேட் அக்யூட் மால்நியூட்ரிஷன்' என்ற ஆங்கிலத் தொடரின் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பு. கோளாறு அதிலுள்ள 'அக்யூட்' என்ற சொல்லில் இருக்கிறது. லத்தீனில் அதற்குக் கூர்மை என்று பொருள். மருத்துவத்தில் சட்டென்று வந்து கொஞ்ச நாள் இருப்பதைக் குறிக்கும். இதற்கு எதிர்ச்சொல் 'கிரானிக்', கிரேக்கத்தில் காலத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. ஆக, இரண்டும் நோயின் வயதைச் சொல்கின்றன. நோய் எவ்வளவு கடுமை என்பது தனிக் கணக்கு. இரண்டு நாள் மூக்கொழுகிவிட்டுப் போகும் சளிகூட அக்யூட்தான், அதைத் தீவிரச் சளி என்று யாராவது சொல்வோமா? கிரானிக்குக்கு 'நாட்பட்ட' என்று அழகாகச் சொல்லத் தெரிந்த நமக்கு, அக்யூட் என்றதும் அகராதியின் முதல் வரியோடு கண் நின்றுவிடுகிறது. 'தீவிர' பாவம், எத்தனை வேலைதான் பார்க்கும்! சிகிச்சைப் பிரிவுக்கும் அதுதான், தேடுதல் வேட்டைக்கும் அதுதான், துப்பாக்கி தூக்கியவனுக்கும் அதுதான்.

சரி, அந்தத் தொடர் உண்மையில் எதைச் சொல்கிறது? உயரத்துக்கு ஏற்ற எடை இல்லாமல் பிள்ளை இளைத்துப்போயிருப்பதைத்தான் பெரும்பாலும். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் உள்ள பிள்ளைக்கு மேற்கைச் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் நாடாவில் சிவப்பு, அதற்கு மேல் 12.5-க்குள் என்றால் மஞ்சள். இதற்குக் 'கடும் மெலிவு', 'நடுத்தர மெலிவு' என்றால் போதாதா? நெடுநாள் சத்தில்லாமல் உயரமே ஏறாமல் போவது 'வளர்ச்சி குன்றல்'. அதுதான் நாட்பட்டது. ஒன்று மட்டும் இடிக்கிறது: இரண்டு காலிலும் நீர் கோத்து வீங்கிய பிள்ளையும் கடும் வகையில்தான் சேரும், பார்த்தால் மெலிவாகவே தெரியாது. அங்கே 'வீக்கம்' என்று தனியாகச் சொல்லிவிட வேண்டியதுதான்.

'ஊட்டச்சத்துக் குறைபாடு' என்பதிலும் எனக்குப் பாதி மனசுதான். உண் என்பதிலிருந்து ஊட்டு, ஊட்டம். லத்தீன் மூலச்சொல்லுக்கும் பாலூட்டுவது என்றே பொருள். புதுச்சேரியில் பிரெஞ்சு படித்தவர்களைக் கேளுங்கள், 'நூரிஸ்' என்றால் பால் கொடுக்கும் செவிலி என்பார்கள். ஊட்டம் என்பதே போதும், சத்து எதற்கு ஒட்டு? குறைபாடு என்பதும் முழுக்கப் பொருந்தவில்லை. உலக சுகாதார நிறுவனக் கணக்கில் அளவு மீறிப் பருத்த பிள்ளையும் 'மால்நியூட்ரிஷன்' பட்டியலில்தான் வருகிறது. அந்தப் பிள்ளைக்கு என்ன குறைந்தது? பொதுவாக 'ஊட்டக்கேடு', குறைந்தால் 'ஊட்டக்குறைவு' என்பேன். இலங்கையில் 'மந்தபோசணை' என்கிறார்கள். நம் ஊரில் பிள்ளைக்கு மந்தம் என்றால் ஓமத்தண்ணீர் வைத்துவிடுவார்கள்.

பையனின் பாட்டி ஓரமாக உட்கார்ந்திருந்தார். "இவனுக்கு அடுத்தது வயித்துல வந்துச்சு, பால் நின்னுபோச்சு. சவலைப் புள்ள" என்றார். எனக்குச் சிலிர்த்தது. 1930-களில் இன்றைய கானா நாட்டில் பணியாற்றிய மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ், அங்கே கா மொழி பேசுவோரிடமிருந்து 'குவாஷியோர்கர்' என்ற சொல்லை எடுத்து மருத்துவ உலகுக்குத் தந்தார். அடுத்த பிள்ளை வந்ததும் முந்தைய பிள்ளைக்கு வரும் நோய் என்று அதற்குப் பொருள். மேலே சொன்ன, நீர் கோத்து வீங்கும் வகைதான் அது. நம் சவலையும் அதே இடத்தைத் தொடுகிறது, வீக்கம் மட்டும் சவலையில் இல்லை. இரண்டாம் அடியில் தனிச்சொல் இல்லாமல் ஒரு சீர் குறைந்து நிற்கும் வெண்பாவுக்கும் சவலை வெண்பா என்றே பெயர். யாப்புக்காரனுக்குத் தெரிந்த சொல் துண்டறிக்கை எழுதுபவருக்கு எப்படித் தெரியாமல் போனது?

டீச்சர் துண்டறிக்கையை மடித்து மேசை மேல் வைத்தார். "புள்ள இளைச்சிருக்கான்மா. சத்துமாவுல கொழுக்கட்டை பிடிச்சுக் குடு, ஒரு முட்டையும் குடு. அடுத்த மாசம் திரும்ப அளக்கலாம்" என்றார். அந்தப் பெண் தலையாட்டினாள்.