ஸ்விட்சின் லாக் ஸ்விட்சுக்கு வெளியேயும் இருக்க வேண்டும்

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில், எடைமேடைக் கணினிக்கும் அலுவலகத்துக்கும் இடையிலான நெட்வொர்க் மாலை வேளைகளில் சில நிமிடங்கள் அறுந்து, பிறகு தானாகவே வந்துகொண்டிருந்தது. இருமுறை நேரில் போய், கணினிகளை இணைக்கும் ஸ்விட்சின் லாகை, அதாவது நிகழ்வுப் பதிவைப் பார்த்தேன்; அது கடைசியாக இயங்கத் தொடங்கியபோது பதிவான வரிகளைத் தவிர வேறெதுவும் இல்லை. சிஸ்கோ ஸ்விட்ச் தன் செய்திகளை ராமில்தான் வைத்திருக்கிறது. பல மாடல்களில் அதற்கு இயல்பாக ஒதுக்கப்படும் இடம் 4096 பைட். மின்சாரம் போனால் அதுவும் போய்விடும். (மழைக்காலத்தில் மின்சாரம் எத்தனை முறை போய்வரும் என்பதை மலைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.)

எனவே யூபிஎஸ்ஸில் ஓடும் பழைய லினக்ஸ் கணினியில், லாகுகளைப் பெற்றுச் சேமிக்கும் ஆர்சிஸ்லாக் மென்பொருளை அமைத்து அதையே சர்வராக்கி, ஸ்விட்சில் 'லாகிங் ஹோஸ்ட்' கட்டளையுடன் அதன் ஐபி முகவரியைக் கொடுத்தேன். ஸ்விட்ச் பக்க வேலை அவ்வளவுதான். பலர் தடுமாறுவது சர்வர் பக்கத்தில்: செய்திகள் யூடிபி என்ற அனுப்பு முறையில் வருவதால், அதைப் பெறும் மாட்யூலை நாமே இயக்கி, 514 என்ற போர்ட் எண்ணுக்கு ஃபயர்வாலில் வழிவிடாவிட்டால் ஒரு வரியும் வந்து சேராது.

நான் சறுக்கியது வேறோர் இடத்தில். செய்திகளின் தீவிரம் 0 முதல் 7 வரை. எண் கூடக் கூடத் தீவிரம் குறையும். நாம் வைக்கும் எண்ணும் அதற்குக் குறைவானவையும் மட்டுமே சர்வருக்குப் போகும். எச்சரிக்கைகள் வந்தால் போதும் என்று 4ஐ வைத்தேன். கேபிள் கழன்ற செய்தி 3 என்பதால் வந்தது. ஸ்விட்ச் ரீஸ்டார்ட் ஆன செய்தியோ 5 என்பதால் வரவேயில்லை, ஒரு வாரம் வீணானது. இப்போது எங்கும் 6தான் வைக்கிறேன். 7, பழுது தேடும் நேரத்துக்கு மட்டும்.

மாற்றிய பிறகு வந்த ரீஸ்டார்ட் வரிகள் எல்லாம், மாலைக் கொழுந்து வந்து சேர்ந்ததும், அதை வாட்டும் தொட்டிகளின் மின்விசிறிகளைப் போடும் வேளையை ஒட்டியே இருந்தன. அந்த நொடியில் வோல்டேஜ் சரிந்து ஸ்விட்ச் அணைந்து எழுந்திருக்கிறது. அதையும் யூபிஎஸ்ஸுக்கு மாற்றியதும் தொல்லை நின்றது.

இதைக் கண்டுபிடிக்க உதவியது ஸ்விட்சின் கடிகாரமன்று, சர்வர் செய்தியைப் பெற்ற நேரம். என்டிபி (நெட்வொர்க் வழியே சரியான நேரத்தைப் பெறும் முறை) இல்லாத, சிஸ்கோவின் பழைய கேட்டலிஸ்ட் வகை ஸ்விட்ச் எழும்போதெல்லாம் 1993 மார்ச் 1க்குத் திரும்பிவிடும். வரியின் தொடக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்தால் அந்த நேரத்தை நம்பாதீர்கள். என்டிபி கொடுத்து, இந்திய நேரத்துக்காக நேர மண்டலத்தை 5 30 என்று அமையுங்கள்.

யூடிபியில் செய்தி போய்ச் சேர்ந்ததா என்பது ஸ்விட்சுக்குத் தெரியாது. செய்தி மறையாக்கமின்றியே போகிறது. ஆகவே இந்தச் செய்திப் போக்குவரத்தைத் தனி நிர்வாக விலானில் (ஒரே நெட்வொர்க்குக்குள் பிரித்தமைக்கும் தனிப் பகுதியில்) வையுங்கள். இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் வெளியிட்ட உத்தரவு லாகுகளை 180 நாள் வைத்திருக்கச் சொல்கிறது; வட்டில் இடத்தை அதற்கேற்ப ஒதுக்குங்கள். கிளம்புமுன், ஸ்விட்சில் பயனில் இல்லாத ஒரு போர்ட்டில் (கேபிள் செருகும் துளையில்) லேப்டாப்பைச் செருகிக் கழற்றி, அந்த வரி சர்வரில் விழுவதைக் கண்ணால் பார்த்துவிடுங்கள்.